மூடுபனியைப் பருகும் மரங்கள்

மாணவர்களே! நீங்கள் வாழும் ஊர் தில்லியாகவோ, லக்னோவாகவோ, சண்டிகராகவோ இருந்தால் மூடுபனி உங்களுக்குப் புதியது அன்று. மார்கழி, தை மாதங்களில் காலையில் பள்ளிப் பேருந்து தாமதமாக வருவதற்கும், தொடர்வண்டிகள் பல மணிநேரம் பிந்துவதற்கும் அதுவே காரணம். மூடுபனி என்றவுடன் இடையூறு என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுகிறது. ஆனால், அதே மூடுபனியை நம்பி உயிர்வாழும் ஒரு பெருங்காடு இவ்வுலகில் உண்டு. அக்காடு அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் இருக்கிறது. ஒருபுறம் பசிபிக் பெருங்கடல், மறுபுறம் மலைத்தொடர், இரண்டுக்கும் இடையே வானளாவிய மரங்கள், அவற்றை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலை.

அச்சாலையில் மகிழுந்தில் பயணம் செய்யும் ஒரு கணவனையும் மனைவியையும் நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். மனைவி வண்டியை ஓட்டுகிறார். கணவர் அருகில் அமர்ந்து வழி சொல்கிறார். சான் பிரான்சிஸ்கோ நகரில் புறப்பட்டு, வடக்கே கிரசென்ட் சிட்டி என்னும் சிற்றூரை அடைவது அவர்கள் திட்டம். நேர்வழியில் சென்றாலே 550 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. கடலோரமாக வளைந்து செல்லும் சாலையில் அது இன்னும் கூடும். அவர்களுடன் நாமும் செல்வோம். வழியில் காண்பனவற்றின் காரணங்களை அறிவோம்.

கோடையில் வரும் பனி

அவர்கள் புறப்படுவது ஜூலை மாதத்தில். நடுக்கோடையாயினும் சான் பிரான்சிஸ்கோவில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே நிற்க இயலவில்லை. 1937 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோல்டன் கேட் தொங்குபாலத்தின் கோபுரங்கள் பனியில் மறைந்திருக்கின்றன. பாலத்திலிருந்து கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகொம்பின் ஓசை மட்டும் கேட்கிறது.

வட இந்தியாவில் குளிர்காலத்தில் தோன்றும் மூடுபனி, நிலம் தரும் பனியாகும். நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. கதிரவன் ஏறியதும் நிலம் சூடாகிப் பனி விலகுகிறது. கலிபோர்னியக் கரையின் பனியோ கடல் தரும் பனி. அது கோடையில்தான் மிகுதியாக வருகிறது.

அது எவ்வாறு தோன்றுகிறது? கோடைக்காலத்தில் அக்கரையோரமாக வடமேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அக்காற்றும் புவியின் சுழற்சியும் சேர்ந்து, கரையோரக் கடலின் மேல்மட்ட நீரை ஆழ்கடல் நோக்கி விலக்குகின்றன. விலகிய நீரின் இடத்தை நிரப்பக் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஆகையால், நடுக்கோடையிலும் அக்கடலில் கால் நனைத்தால் குளிர் எலும்பைத் தொடும். பசிபிக் பெருங்கடலின் மீது ஈரம் சுமந்து வரும் காற்று, இக்குளிர்நீரைக் கடக்கும்போது தானும் குளிர்ந்து மூடுபனியாகிறது. அதற்கு மேலே வெப்பமான உலர்ந்த காற்று, பானையை மூடிய தட்டுப்போல நிற்கிறது. அதனால் பனி மேலே எழுந்து கலைந்துவிடுவதில்லை.

இதே நேரத்தில் மலைகளுக்கு அப்பாலுள்ள உள்நாட்டுச் சமவெளி கடும் வெயிலில் கொதிக்கிறது. அங்குச் சூடான காற்று மேலெழும்பும்போது, கடற்காற்று அவ்விடத்தை நாடி உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்றோடு பனியும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே நிலத்துக்குள் புகுகிறது. உள்நாட்டு வெயிலே கரையோரக் குளிருக்குத் துணைசெய்கிறது என்பது வியப்பன்றோ!

தாழ்வான இடத்தில் கலங்கரை விளக்கம்

பயணத்தின் தொடக்கத்தில் தம்பதியர் பாயின்ட் ரேயஸ் என்னும் நிலமுனைக்குச் செல்கின்றனர். அங்கே 1870 ஆம் ஆண்டு முதல் ஒளிவீசிய கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. கலங்கரை விளக்கம் என்றால் உயர்ந்த இடத்தில் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இதுவோ செங்குத்தான பாறைச் சரிவின் உச்சியில் இல்லாமல், பாதி வழியில் கீழே அமைந்துள்ளது. அதை அடைய முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும்.

“உச்சியில் கட்டியிருந்தால் இன்னும் தொலைவுக்கு ஒளி தெரிந்திருக்குமே?” என்று கணவர் கேட்கிறார்.

“மேலே நிமிர்ந்து பாருங்கள். உச்சி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா?” என்று மனைவி திருப்பிக் கேட்கிறார்.

அவர் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவ்விடத்தில் பனி பெரும்பாலும் உயரத்தில்தான் அடர்ந்து நிற்கும். உச்சியில் ஏற்றிய விளக்கு பனிக்குள் புதைந்துவிடும். பனிக்குக் கீழே வைத்த விளக்கே மாலுமியின் கண்ணுக்குப் புலப்படும். இடத்தின் இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு அது.

அவ்வேற்பாடுகள் இருந்தும் உயிரிழப்புகள் நேர்ந்தன. 1901 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ‘சிட்டி ஆஃப் ரியோ டி ஜெனிரோ’ என்னும் பயணியர் கப்பல், அடர்ந்த மூடுபனியில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வாயிலில் பாறையில் மோதி மூழ்கியது. துறைமுகம் மிக அருகில் இருந்தும் 128 பேர் உயிரிழந்தனர்.

சாலையில் கடைப்பிடிக்க வேண்டியவை

கடலோரமாகச் செல்லும் முதலாம் எண் மாநில நெடுஞ்சாலை குறுகலானது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. பல இடங்களில் ஒருபுறம் மலை; மறுபுறம் கடலை நோக்கிய செங்குத்துப் பள்ளம். அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்லும். ஆகவே, வடக்கு நோக்கிச் செல்பவர்கள் மலையை ஒட்டிச் செல்வர். தெற்கு நோக்கி வருபவர்கள் பள்ளத்தை ஒட்டி வருவர்.

பனி அடர்ந்ததும் வண்டியின் முகப்பு விளக்கை உயர்ஒளியில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையோ அதற்கு மாறானது. உயர்ஒளி எதிரேயுள்ள நுண்துளிகளில் பட்டுச் சிதறி, ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்ததுபோலத் தோன்றும். ஒளியைத் தாழ்த்தி வைத்தால் சாலையின் மேற்பரப்பும் ஓரக்கோடும் புலப்படும். விரைவைக் குறைத்தல், முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடுதல், சாலையின் நடுவே வண்டியை நிறுத்தாதிருத்தல் ஆகியன எந்நாட்டுப் பனிச்சாலைக்கும் பொருந்தும் விதிகள். தில்லியிலிருந்து ஆக்ரா செல்லும் சாலைக்கும் இவையே விதிகள்.

லெகெட் என்னும் சிற்றூரில் முதலாம் எண் சாலை, 101 ஆம் எண் நெடுஞ்சாலையுடன் கலக்கிறது. கடல் கண்ணை விட்டு மறைகிறது. ஆயினும் கடலின் ஈரம் உடன் வருகிறது. இங்கிருந்துதான் பெருமரங்களின் நாடு தொடங்குகிறது.

உலகின் மிக உயர்ந்த மரங்கள்

இம்மரங்களின் பெயர் ரெட்வுட். செந்நிற மரம் என்பது அதன் பொருள். ஆந்திராவிலும் தமிழகத்திலும் வளரும் செம்மரம் வேறு, இது வேறு. இது ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. இதன் காடு, ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து நடுக் கலிபோர்னியாவின் கரைவரை ஏறத்தாழ 720 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு குறுகிய பட்டையாக அமைந்துள்ளது. கடற்பனி எதுவரை எட்டுகிறதோ, பெரும்பாலும் அதுவரையே இம்மரங்களும் இயற்கையாக வளர்கின்றன.

ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் ‘பெருமரங்களின் சாலை’ என்று பொருள்படும் பெயருடைய பழைய சாலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்கு மரங்களின் நடுவே செல்கிறது. தம்பதியர் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்குகின்றனர். நண்பகலிலும் அந்திபோன்ற ஒளி. அண்ணாந்து பார்த்தால் நுனி தெரியவில்லை.

தில்லியிலுள்ள குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். இக்காட்டில் 2006 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ‘ஹைபீரியன்’ என்னும் மரத்தின் உயரம் ஏறத்தாழ 116 மீட்டர். உலகில் அளந்தறியப்பட்ட மரங்களுள் மிக உயர்ந்தது இதுவே. ரெட்வுட் மரங்களுள் சில 2,000 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்பவை. இத்தகைய மரத்தின் விதை, தக்காளி விதையின் அளவே இருக்கும். அதன் பட்டை ஓர் அடி வரை தடிப்புடையது, எளிதில் தீப்பற்றாதது. வேர்களோ நாம் எண்ணுவதுபோல் ஆழமாகச் செல்வதில்லை. பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. ஒன்றையொன்று பற்றி நிற்பதே அவற்றின் வலிமை.

மரத்தடியில் மட்டும் பெய்யும் மழை

கலிபோர்னியக் கரையில் மழைக்காலம் என்பது குளிர்காலமே. கோடையில் மழை மிகவும் அரிது. மாதக்கணக்கில் மழையின்றி இத்துணைப் பெரிய மரங்கள் எவ்வாறு பசுமையாக நிற்கின்றன?

காட்டில் நடக்கும் தம்பதியரின் தோளில் நீர்த்துளி விழுகிறது. மழை பெய்கிறதோ என்று சாலைக்கு வந்து பார்த்தால் சாலை உலர்ந்திருக்கிறது. மரத்தடியில் மட்டுமே ‘மழை’ பெய்கிறது! காற்றில் மிதந்து வரும் பனியின் நுண்துளிகள் ஊசியிலைகளில் மோதுகின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன, எடை மிகுந்ததும் சொட்டுகின்றன. சீப்பு கூந்தலை வாருவதுபோல மரம் பனியை வாரி எடுக்கிறது என்று கூறலாம்.

வடகலிபோர்னியாவின் ரெட்வுட் காடு ஒன்றில் மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 1998 ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காட்டுக்கு ஓராண்டில் கிடைத்த நீரில், சராசரியாக 34 விழுக்காடு மரங்களிலிருந்து சொட்டிய பனிநீர் என்று அவ்வாய்வு காட்டியது. மரங்கள் இல்லாத திறந்த வெளியிலோ பனி தந்த பங்கு அதில் ஏறத்தாழப் பாதியளவே. பனி இரண்டு இடங்களிலும் ஒன்றுபோலவே வந்தது. அதைப் பிடித்து நிலத்துக்குத் தரும் மரம் ஓரிடத்தில் இருந்தது. மற்றோர் இடத்தில் இல்லை. இதுதான் வேறுபாடு. ஆகவே, பனி மரத்தை வளர்க்கிறது என்பது பாதி உண்மை. மரமும் பனியை நீராக்குகிறது என்பது மீதி உண்மை.

மேலும், ரெட்வுட் மரம் வேரால் மட்டும் நீர் பருகுவதில்லை. இலைகளின் மேல் படியும் பனிநீரை இலைகளே நேராக உறிஞ்சிக்கொள்கின்றன. வேரிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நீரை ஏற்றுவது அரிய செயல். எனவே, உச்சிக் கிளைகளுக்கு வானிலேயே கிடைக்கும் இந்நீர் பேருதவியாகிறது.

சொட்டும் நீரைப் பிற உயிர்களும் பகிர்ந்துகொள்கின்றன. மரத்தடியில் பெரணிகள் செழிக்கின்றன. நம் ஊர்ப் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த சிறு செடி ஒன்று தரையெங்கும் படர்ந்துள்ளது. நேர்வெயில் பட்டால் அது சில நிமிடங்களில் தன் இலைகளைக் கீழ்நோக்கி மடித்துக்கொள்ளும். காட்டின் நிழலும் பனிநீரும் ஓடைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதால், கடலுக்குச் செல்லும் முன் சால்மன் மீன் குஞ்சுகள் அவற்றில் வளர முடிகிறது. கடலில் மீன் பிடித்துண்ணும் ‘மர்லெட்’ என்னும் சிறு பறவை, இம்மரங்களின் உயர்ந்த பாசிபடர்ந்த கிளைகளில் முட்டையிடுகிறது. கடற்பறவை காட்டுமரத்தில் வாழும் என்று யாரும் எளிதில் எண்ணவில்லை. அதனால் கலிபோர்னியாவில் அதன் கூடு 1974 ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

கோடரியும் சாலையும்

தம்பதியர் செல்லும் வழியில் சில இடங்களில் ஓர் அறையளவு அகலமான அடிக்கட்டைகள் தென்படுகின்றன. அவை ஒரு துயர வரலாற்றின் சான்றுகள். 1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் மக்கள் பெருந்திரளாகக் குடியேறினர். வீடுகளுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் மரம் தேவைப்பட்டது. ரெட்வுட் எளிதில் உளுத்துப்போகாத மரம். ஆகவே கோடரிக்கு இரையாயிற்று. ஏறத்தாழ எட்டு இலட்சம் ஹெக்டேர் பரந்திருந்த பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது 5 விழுக்காடு மட்டுமே.

அக்காட்டில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்து வந்தனர். கிளமாத் ஆற்றங்கரையில் வாழும் யூரோக் என்னும் தொல்குடியினர் அவர்களுள் ஒரு பிரிவினர். தானே விழுந்த ரெட்வுட் மரத்தைப் பிளந்து பலகை வீடு கட்டுவர். குடைந்து படகு செய்வர். படகும் உயிருடையது என்பது அவர்கள் நம்பிக்கை; ஆதலால் அதனுள் இதயம் ஒன்றையும் செதுக்கி வைப்பர். புதிதாக வந்தவர்களால் அவர்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். ஆற்றைத் தடுத்துக் கட்டிய அணைகளால் சால்மன் மீன்வளமும் குன்றியது. யூரோக் மக்களும் அண்டைக் குடியினரும் நெடுங்காலம் போராடியதன் பயனாக, கிளமாத் ஆற்றின் நான்கு அணைகள் 2024 ஆம் ஆண்டுக்குள் அகற்றப்பட்டன. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே சால்மன் மீன்கள் அணைகள் இருந்த இடங்களைத் தாண்டி மேலே நீந்திச் சென்றன.

காட்டைக் காக்கும் முயற்சியும் ஒரு சாலைப் பயணத்தில்தான் தொடங்கியது. 1917 ஆம் ஆண்டு அறிஞர் மூவர், புதிதாக அமைந்துகொண்டிருந்த நெடுஞ்சாலை வழியே இக்காட்டைக் காண வந்தனர். சாலையோரத்திலேயே பெருமரங்கள் வீழ்த்தப்படுவதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தினர். மறு ஆண்டு, 1918 இல், ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1919 இல் ஹம்போல்ட் வட்டாரப் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து மக்களைத் திரட்டினர். நன்கொடையால் காட்டுப் பகுதிகள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கப்பட்டன. 1968 இல் ரெட்வுட் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. மேட்டுச் சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டதால் மண் அரித்து வந்து கீழிருந்த காட்டையும் அச்சுறுத்தியது. எனவே 1978 இல் வெட்டப்பட்ட நிலங்களையும் சேர்த்துப் பூங்கா விரிவாக்கப்பட்டது. 1980 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

வருகையாளரின் கடமை

“இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம், ஹைபீரியன் மரத்தையும் பார்த்துவிடலாமா?” என்று கணவர் கேட்கிறார். பார்க்க இயலாது. அம்மரத்துக்குப் பாதை இல்லை. காட்டை மிதித்துக்கொண்டு வந்தவர்களால் மண் இறுகியது. மேலோட்டமான வேர்கள் துன்புற்றன. மரத்தடிப் பெரணிகள் அழிந்தன. ஆகவே 2022 ஆம் ஆண்டு அப்பகுதி மூடப்பட்டது. மீறி நுழைவோருக்கு 5,000 டாலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். மரத்தை வெறுத்தவர்கள் அதற்குத் தீங்கு செய்யவில்லை. விரும்பி வந்தவர்களே செய்தனர் என்பதை நாம் கருத வேண்டும்.

அதற்கு மாற்றுவழியும் உண்டு. கிரசென்ட் சிட்டிக்கு அருகிலுள்ள ஒரு பெருமரத் தோப்பில் தரையைத் தொடாமல் உயர்த்திக் கட்டிய நடைமேடை அமைக்கப்பட்டுள்ளது. தம்பதியர் அதன்மீது நடந்து மரங்களைக் காண்கின்றனர். அவர்கள் காலடி எந்த வேரையும் அழுத்துவதில்லை.

பனியும் முன்போல் இல்லை. 2010 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அக்கரையில் கோடைப்பனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. கோடரியிலிருந்து மரத்தைக் காக்கச் சட்டம் போதும். பனி குறையுமாயின் அதைச் சட்டத்தால் வரவழைக்க இயலாது. எஞ்சிய மரங்களை நிற்கவிடுவதே நாம் செய்யக்கூடியது. ஏனெனில், வருகின்ற பனியை வீணாக்காமல் நீராக்கும் வேலையை அவையே செய்கின்றன.

பயணிக்கு வழிமறைக்கும் பனி, மரத்திற்கு உணவாகிறது. மரம் பிடித்த பனி, ஓடைக்கு நீராகிறது. ஒரு பொருள் நமக்கு இடையூறாகத் தோன்றும்போது, அது வேறு யாருக்கு வாழ்வளிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லறிவு.

அருஞ்சொற்பொருள்

நிலமுனை – கடலுக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதி
மாலுமி – கப்பல் செலுத்துபவர்
உளுத்தல் – மரம் அரிக்கப்பட்டு மக்கிப்போதல்
பெரணி – பூவாத, நிழலில் வளரும் செடிவகை
தண்டம் – குற்றத்திற்காகச் செலுத்தும் பணம்

பயிற்சி

1. நிலம் தரும் பனிக்கும் கடல் தரும் பனிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
2. பாயின்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம் பாறையின் உச்சியில் கட்டப்படாதது ஏன்?
3. “மரமும் பனியை நீராக்குகிறது” என்னும் கூற்றை ஆய்வின் முடிவைக் கொண்டு விளக்குக.
4. பனி, மூடுபனி, மஞ்சு, முகில் ஆகிய சொற்களின் பொருளை அகராதியில் கண்டு, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைக்க.
5. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் சொந்த ஊரிலிருந்த பழைய மரம் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அம்மரம் இன்றும் இருக்கிறதா என்பதையும் குறிப்பிடுக.